டிவியில் குங்குமம் ஏன் ஆரஞ்சாகத் தெரிகிறது?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொரோனா ஊரடங்கு முடிந்த கையோடு வாங்கிய 43 அங்குல டிவி. எல்லாச் சேனலும் கேபிள் செட்டாப் பாக்ஸ் வழியாகத்தான். இத்தனை காலம் புழங்கியதில் டிவியைப் பற்றிப் பெரிய குறை இல்லை. பாடாய்ப் படுத்தியது எஸ்.டி. சேனல்களின், அதாவது எச்.டி. அல்லாத சாதாரணத் தெளிவுச் சேனல்களின் வண்ணம்.

‘விவிட்’ மோடை முதல் நாளே மாற்றிவிடுங்கள். அது கடை வெளிச்சத்தில் ஆளை இழுப்பதற்கு; வீட்டில் வைத்தால் வெள்ளை வேட்டிகூட நீலம் பாய்ந்து தெரியும். ‘சினிமா’ மோடும் ‘வார்ம்’ வண்ண வெப்பநிலையும் வைத்தால், ஒளிபரப்புக்கு அளவுகோலான 6500 கெல்வின் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். முதலில் மஞ்சளடித்தாற்போல் இருக்கும், பிறகு கண் பழகிவிடும். எச்.டி. சேனல்களுக்கு இதுவே போதும்.

எஸ்.டி. கதை வேறு. ஒரே சீரியல் இரண்டு சேனலிலும் வருகிறது. எச்.டி.யில் கதாநாயகியின் குங்குமம் சிவப்பு, எஸ்.டி.யில் ஆரஞ்சு. வயல்வெளிக் காட்சி வந்தால், நட்டுப் பச்சை பிடித்த பயிர் யூரியா அதிகமாகிவிட்ட வயல்போல் கறுத்துக் கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் அசல் பயிர் தெரிகிற ஊரில் இது கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

காரணம், படத்தின் வண்ணத்தை எண்களாக்கும் விதிகளான ஒளிபரப்புத் தரங்களில் இருக்கிறது. எஸ்.டி.க்கு 1982இல் வகுத்த பி.டி.601, எச்.டி.க்கு 1990இல் வந்த பி.டி.709. படத்தின் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சையின் பங்கு முன்னதில் 0.587, பின்னதில் 0.7152. எங்கள் பாக்ஸ் 576 வரிப் படத்தை 1080ஆகப் பெரிதாக்கி அனுப்பியது. வண்ணக் கணக்கை மட்டும் மாற்றவில்லை போலிருக்கிறது. வருவது 1080 என்றால் டிவி அதை 709 என்று எடுத்துக்கொண்டு சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிக்கிறது. சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்வதும் பச்சை மங்குவதும் அதனால்தான்.

இதை ‘கலர்’, ‘டின்ட்’ திருகிச் சரிசெய்யப் பார்ப்பது வீண். சிவப்பு வழிக்கு வந்தால் முகம் கெடும், எஸ்.டி. சரியானால் எச்.டி. போய்விடும், இரண்டும் பாக்ஸிலிருந்து ஒரே எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக வருவதால். மருந்து பாக்ஸின் மெனுவில் இருந்தது: வெளியீட்டை ‘1080’ என்பதிலிருந்து ‘நேட்டிவ்’ (சேனல் வந்த அளவிலேயே அனுப்புவது) என்பதற்கு மாற்றினேன். எஸ்.டி. 576ஆகவே போக, டிவி தானே 601 கணக்கில் பிரித்துக்கொண்டது. குங்குமம் சிவந்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. எஸ்.டி.யிலிருந்து எச்.டி.க்குத் தாவும்போதெல்லாம் திரை ஓரிரு நொடி இருண்டு வருகிறது. விளம்பரம் வந்ததும் சேனல் மாற்றுகிற அப்பாவுக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

டிவி இப்போது 576க்கும் 1080க்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைக்கிறது; எல்லா டிவியும் அப்படிச் செய்யாது. எஸ்.டி.க்கு ஷார்ப்னஸை ஏறக்குறைய சுழியத்துக்கு இறக்கி, படத்தில் புள்ளியடிப்பதைக் குறைக்கும் ‘நாய்ஸ் ரிடக்‌ஷனை’ச் சிறிதளவு வைத்திருக்கிறேன். ஷார்ப்னஸ் கூடினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு ஓடும். பழைய படங்களின் 4:3 சட்டத்தையும் இழுத்து நிரப்புவதில்லை. நாகஸ்வர வித்வான் ஏற்கெனவே வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறார்.

புதிய பாக்ஸ் வாங்குவதாக இருந்தால், ‘நேட்டிவ்’ அல்லது ‘ஆட்டோ’ வெளியீடு இருக்கிறதா என்று ஆபரேட்டரை மெனுவைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.