கெல்ப் மாத்திரை: மூன்று வருட அனுபவம்

லெஸ்டருக்குக் குடிவந்து, பாலையும் நிறுத்திய பிறகுதான் அயோடின் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன். ஊரில் உப்பிலேயே அது கலந்து வந்துவிடும். பிரிட்டனில் கடையில் எடுக்கிற சாதாரண உப்பில் பெரும்பாலும் இருக்காது; இங்குள்ளவர்களுக்கு முக்கியமாகப் பாலிலும் மீனிலும்தான் அயோடின் கிடைக்கிறது. நானோ சைவம். அப்படித்தான் கெல்ப் என்கிற பழுப்புக் கடற்பாசி மாத்திரைக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் வாங்கியது மலிவான டப்பா. மூடியைத் திறந்தாலே கருவாட்டுக் கடையைத் தாண்டிப் போகிற மாதிரி வாடை. சாம்பல் கலந்த பச்சை மாத்திரை, மேலெல்லாம் கரும்புள்ளி, ஈரக் கையால் எடுத்தால் விரலில் ஒட்டும். வெறும் வயிற்றில் போட்டால் ஒரு மணி நேரம் கழித்து வரும் ஏப்பத்திலும் அதே வாடை. சாப்பாட்டுக்கு நடுவில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

லேபிளில் கெல்ப் 500 மில்லிகிராம் என்று மட்டும் இருந்தது. அதில் அயோடின் எவ்வளவு என்று எங்கேயும் போடவில்லை. இயற்கைப் பொருள்தானே என்று தினம் இரண்டு போட்டேன். ஏழாவது மாதம் ஓயாத அசதி, குளிர் தாங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு மந்தமானால் ஏறும்) 7.8; முந்தைய வருடம் 2.1தான். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதலில் இதை நிறுத்துங்கள் என்றார். அயோடின் குறைந்தாலும் தைராய்டு தடுமாறும், மிஞ்சினாலும் தடுமாறும். அளவு மீறிப் போனால் சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதையே குறைத்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்குச் சில நாளில் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. நிறுத்தி மூன்று மாதத்தில் எனக்கு 2.6க்கு இறங்கியது. அதுவரை நான் பட்ட பயம் கொஞ்சமல்ல.

பழுப்புப் பாசி என்று ஒரே பெயரில் சொன்னாலும் இனத்துக்கு இனம், அறுவடைக்கு அறுவடை அயோடின் மாறும். ஜப்பானியர்கள் சாறெடுக்கும் கொம்புவில் ஒரு கிராமுக்கு 2000 மைக்ரோகிராமைத் தாண்டுவதும் உண்டு. வகாமே என்கிற இன்னொரு பழுப்புப் பாசியில் அதைவிட வெகு குறைவு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 150 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் சொல்லும் உச்சவரம்பு 600. அதனால் தூளின் எடையை மட்டும் போட்டிருக்கும் டப்பாவைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

ஹிஜிக்கி என்கிற ஜப்பானியப் பழுப்புப் பாசி என்றால் அடியோடு வேண்டாம். நம் மன்னார் வளைகுடாவில் அல்ஜினேட் என்கிற கெட்டியாக்கும் பொருளுக்காக அள்ளுகிற கட்டக்கோரைப் பாசியின் உறவு அது. ஹிஜிக்கியில் ஆர்சனிக் என்கிற நச்சு அதிகம் என்று பிரிட்டன் உணவுத் தர நிறுவனமே சாப்பிட வேண்டாம் என்கிறது.

இரண்டு வருடமாக நான் எடுப்பது, ஒரு மாத்திரைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் என்று தெளிவாக அச்சிட்ட வேறொன்று. தினம் ஒன்றுதான். டிஎஸ்எச் நிலையாக இருக்கிறது. முடி வளரும், எடை குறையும் என்கிறார்களே, எனக்கு இரண்டும் நடக்கவில்லை. தைராய்டு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது. எனக்கு அடுத்த பரிசோதனை ஏப்ரலில். டப்பாவில் இன்னும் நாற்பது மாத்திரை இருக்கிறது.