பிரசவக் கிட்: பிளேடு தேறுகிறது, படத்தாள் தேறவில்லை

மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற செவிலி நான். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிரசவக் கிட்களில் பல வகை பார்த்தாயிற்று. இப்போது கைக்கு வந்திருப்பதும் வழக்கமான சரக்குதான்: சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், ஒரு ஜோடி கையுறை, படம் போட்ட தாள்.

பிளேடுக்கு முழு மதிப்பெண். தனி உறையில் இருக்கிறது, ஈரக் கையாலும் பிரிக்க முடிகிறது. ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி அழுக்குக் கத்தி வழியாகத் தொப்புளில் ஏறினால், சிசுவால் பால் குடிக்க வாயைக்கூடத் திறக்க முடியாது. நூலும் வழுக்காமல் இறுகுகிறது. சோப்பில்தான் கஞ்சத்தனம். மருத்துவச்சி முழங்கை வரை கழுவி, தாயையும் கழுவிவிட வேண்டும். இந்தத் துண்டு பாதியிலேயே கரைந்துவிடும். கையுறை இருக்கிறதே என்று கை கழுவாமல் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். கையுறையை எடுத்துவிட்டுச் சோப்பைப் பெரிதாக்கினாலும் எனக்குச் சம்மதமே.

படத்தாளைப் பார்த்ததும் கோபம் வந்தது. குழந்தை வெளியே வந்த அடுத்த படத்திலேயே கொடியை வெட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1 முதல் 3 நிமிடம் வரை பொறுக்கச் சொல்கிறது; அதற்குள் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு இரத்தம் வந்து சேரும். ஈரம் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்தும் படம் இல்லை. துடைக்கத் துணியும் இல்லை.

இரத்தப்போக்கைப் பற்றித் தாளில் ஒரு சொல்கூடக் கிடையாது. தாய்மார் இறப்புக்கு முதல் காரணமே அதுதான். கிருமியைத் தடுக்கும் கிட் இரத்தத்தை நிறுத்தாது என்பதை வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டாமா? போகும் இரத்தத்தைக் கண்ணால் கணிக்கிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே கணிக்கிறார்கள். 500 மில்லியைத் தாண்டினால் ஆபத்து. தட்டையான விரிப்பில் அது எப்படித் தெரியும்? அளவுக்கோடு போட்ட பையுடன் விரிப்புகள் வந்துவிட்டன. அது விலை கட்டாது என்றால், ஆஸ்பத்திரிக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்பதையாவது படமாகப் போடலாம்: இரத்தம் நிற்கவில்லை, அரை மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை, வலிப்பு, குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது.

அந்த இடத்தில் அச்சிட்டிருப்பது இது: ‘உள்ளாட்சி விதிகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தவும்.’ கிட் தயாரித்த நிறுவனம் கையைக் கழுவிக்கொண்டுவிட்டது. அதற்கு மட்டும் சோப்பு போதுமாக இருந்திருக்கிறது! அந்த விதிகள் எப்படிப்பட்டவை? ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2007-ல் பாரம்பரிய மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கத் தடை வந்தது; 2010-ல் விலக்கினார்கள். பிலிப்பைன்ஸில் 2008-ம் ஆண்டு சுகாதாரத் துறை ஆணைக்குப் பிறகு, பல உள்ளாட்சிகள் வீட்டுப் பிரசவத்தைத் தடுத்து அபராதம் விதித்தன. தேர்ந்த கைகளில் பிரசவம் நடக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அபராதத்துக்குப் பயந்த மருத்துவச்சி, தாயை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு இருட்டில் நழுவிப் போனதைப் பார்த்தவள் நான். வலி எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தாள், நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று சொல்ல ஆளில்லை. கிட் கொடுத்தால் வீட்டுப் பிரசவத்தை ஊக்குவிப்பதாகிவிடும் என்று அதையும் நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. பிரசவ வலி விதியைப் படித்துவிட்டா வருகிறது? தாயைக் கூட்டிவருகிற மருத்துவச்சிக்கு அபராதம் இல்லை, வழிச்செலவும் உண்டு என்று ஓர் உள்ளாட்சி மன்றம் எழுதிவைத்தால், அந்த விதியை இந்தத் தாளிலேயே அச்சடிக்கலாம்.

ஐந்துக்கு மூன்று. பொருள்கள் தீர்ந்துபோகிற சிறு மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோக இது உதவும். மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருப்பவர்களும் ஒன்று வைத்திருக்கலாம், வண்டிக்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டு. காலாவதித் தேதி உறையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. வாங்கும்போதே பிரித்துப் பாருங்கள்.