கடன் ஆலோசனைச் சேவை: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மூன்று பழைய கடன்களோடும் சரிந்து கிடந்த கடன் மதிப்பெண்ணோடும்தான் இந்த ஆலோசனை நிறுவனத்தை அணுகினேன். முதல் சந்திப்பிலேயே ஆலோசகர் என் கடன் அறிக்கையை மேசையில் விரித்து, நான் அடைத்துவிட்டதாக நம்பியிருந்த ஒரு கணக்குக்கு எதிரே ‘சமரசத் தீர்வு’ என்று இருந்ததைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினார். ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்த கடனும் முழுவதும் அடைத்த கடனும், அடுத்துக் கடன் தருபவரின் பார்வையில் ஒன்றல்ல என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

வட்டி அதிகமான கடனை முதலில் அடைத்து, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தவணையைத் தவறாமல் கட்டும்படி திட்டம் வகுத்துத் தந்தார்கள். ஒவ்வொரு கடன் முடிந்ததும் நிலுவையின்மைச் சான்றிதழை எழுத்தில் வாங்கி, அறிக்கையில் பதிவு மாறிவிட்டதா என்று சரிபார்க்க வற்புறுத்தினார்கள். இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது என்பேன். கடன் மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறைகளில் ஒன்றான ஃபைகோ (FICO) முறையில் மதிப்பெண்ணின் 35 சதவீதம் தவணை கட்டிய வரலாற்றையும் 30 சதவீதம் நிலுவைத் தொகையையும் சார்ந்தது என்று விளக்கி, வைப்புத்தொகையின் பேரில் தரப்படும் கடன் அட்டையை எடுத்து, வரம்பில் சிறு பகுதியை மட்டும் செலவிட்டு மாதந்தோறும் முழுமையாகக் கட்டச் சொன்னதும் நல்ல பலன் தந்தது.

கட்டண விவரத்தை முதல் நாளே எழுதித் தராதது பெருங்குறை. கடனில் தவிப்பவரிடம் அப்படி நடந்துகொள்ளக் கூடாது. ஆனாலும், உண்மையான தாமதப் பதிவுகளை எவராலும் அழித்துத் தர முடியாது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.