பழைய துவக்கின் பூர்வீகம்: கடைப் பேரேடா, முத்திரையா, லைசென்ஸா?

“அப்பப்பா காலத்துத் துவக்கு, வெள்ளைக்கார ஒஃபிசர் விட்டிட்டுப் போனது.” திருகோணமலையில் பன்றிக்காவலுக்குத் துவக்கு வைத்திருந்த குடும்பங்களில் இப்படிச் சொல்வார்கள். அது உண்மையா என்று தேட நாலு வழி உண்டு. கடையின் பெயர் பொறித்த துவக்கென்றால், அதை விற்ற கடையின் பேரேட்டுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

லண்டன் ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கத்தையே பாருங்கள். 1871இல் படை அதிகாரிகள் தங்களுக்காகத் தொடங்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை இருந்தது. அதன் துவக்கு விற்பனைப் பதிவுகள் இப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. தொடர் இலக்கத்தைக் கொடுத்தால் விற்ற திகதியும் வாங்கியவர் பெயரும் கிடைக்கலாம். திருகோணமலையோ 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த ஊர். ஆகவே அந்தப் பெயரைக் கடற்படை அதிகாரிகளின் பழைய அச்சுப் பட்டியல்களில் தேடி, அவர் இந்தப் பக்கம் பணியாற்றினாரா என்றும் பார்க்கலாம். வீட்டுக் கதையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் விற்ற திகதி செய்த திகதி அல்ல. கடையில் கிடந்து விற்ற துவக்குகளும் உண்டு. பேரேட்டில் இருப்பதும் முதல் ஆள் மட்டும்தான்.

செய்தவரின் பேரேடு பர்டி போல நேரடியாக விற்ற லண்டன் பட்டறைகளுக்கு அருமையானது. பர்மிங்காமில் செய்து கடைப் பெயரோடு விற்றவற்றுக்கு, வாங்கியவர் இடத்தில் கடையின் பெயர்தான் இருக்கும்.

குழல் வெடியைத் தாங்குமா என்று சோதித்து அதன் அடியில் அடித்த சோதனை முத்திரைகள் ஆளைக் காட்டாது, காலத்தைக் காட்டும். ‘நொட் ஃபோர் போல்’ (ஒற்றைக் குண்டு போட்டுச் சுடக்கூடாது) என்றிருந்தால் 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது. 1921 முதல் பர்மிங்காம் சோதனைக்கூடம் ஆண்டுக்கு ஓர் எழுத்து அடித்தது. காசு செலவில்லை, கடிதம் எழுதத் தேவையில்லை. பேரேட்டுத் திகதி முத்திரைக் காலத்துக்கு முந்தியதாக வந்தால், இலக்கத்தைத் தப்பாக வாசித்திருக்கலாம், அல்லது குழல் பிறகு மாற்றப்பட்டிருக்கலாம்.

உள்ளூர் லைசென்ஸ் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடாவருடம் புதுப்பிப்பது. துவக்கு இங்கே யார் கையில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இடப்பெயர்வில் தப்பிய ஒரு தாள் வீட்டில் கிடந்தாலும் பத்திரப்படுத்துங்கள், அதில் தொடர் இலக்கம் இருக்கக்கூடும். துருவுக்குள் இலக்கம் மறைந்திருந்தால் அரத்தாள் போட வேண்டாம். லைசென்ஸ்காரரை வைத்துக்கொண்டு, எண்ணெய் பூசித் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள்.