ஆம்ப் ரிப்பேருக்குக் கொடுக்குமுன் மூடியைக் கழற்றி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்

மதுரையில் ஆம்ப்ளிஃபையர் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை.

என்னுடையது டவுன்ஹால் ரோட்டில் சாமான் வாங்கி அசெம்பிள் செய்த செட். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டராக சி 5200, ஏ 1943 ஜோடி போட்டது. திடீரென்று இரண்டு பக்கமும் 'ஊம்ம்' என்று ஹம். பாட்டு சுத்தமாகக் கேட்டது. வால்யூமை அடியோடு குறைத்தாலும், இன்புட் வயரைப் பிடுங்கினாலும் ஹம் மட்டும் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கியதும் நின்றால் வயரிலோ எர்த்திலோ கோளாறு. நிற்காவிட்டால் பெரும்பாலும் உள்ளே கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கும். அதைத்தான் கடையிலும் சொன்னேன்.

"அண்ணே, யூடியூப்ல பாத்ததெல்லாம் இங்க பேசாதீக. அவுட்புட்டே போச்சு" என்றார்.

அவுட்புட் ஷார்ட் ஆகியிருந்தால் ஃபியூஸ் அல்லவா போயிருக்கும், பாட்டு எப்படிப் பாடும்? கேட்டேன், பதில் இல்லை. செட்டைத் திருப்பி வாங்கும்போது, டிரான்சிஸ்டர் மாற்றியதாகச் சொல்லி 2,800 ரூபாய். பழைய டிரான்சிஸ்டர்களைக் கேட்டால், "குப்பையில போட்டாச்சுண்ணே."

ஹம் குறைந்துதான் இருந்தது. கொஞ்ச நாளில் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. இடது பக்க வூஃபர் காயில் போய்விட்டது.

திருமங்கலத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் என் கண்முன்னே திறந்தார். தலை உப்பிய பழைய கெப்பாசிட்டர்கள் அப்படியே இருந்தன. அடியில் 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றை இணையாகப் பற்றவைத்து ஹம்மை அமுக்கியிருக்கிறார்கள். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் செம்புக்கம்பி சுற்றியிருந்தது. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் டிசி (நேர்மின்சாரம்) நேரே ஸ்பீக்கருக்குப் போனது இதனால்தான். செத்துப்போன சி 5200-ஐக் குறடால் உடைத்துக் காட்டினார். 15 ஆம்பியர், 150 வாட் தாங்கவேண்டிய சாமானுக்குள் மிளகளவு சிப். போலி. அசல் எங்கே போனதென்று அந்தக் கடைக்காரருக்குத்தான் வெளிச்சம். கொடுக்குமுன் மூடியைக் கழற்றி ஒரு போட்டோ எடுத்திருந்தால் காட்டிக் கேட்டிருக்கலாம்.

ரிப்பேர் முடிந்ததும் முதலில் சீரியல் பல்பில், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் லைனில் ஒரு பல்பைத் தொடராக மாட்டி, போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அப்புறம் ஸ்பீக்கரை மாட்டாமல், பாட்டும் போடாமல், மீட்டரை டிசியில் வைத்து ஸ்பீக்கர் முனைகளைப் பார்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் இருக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரைத் தொடவே விடாதீர்கள். மூடியை நீங்களே திறப்பதானால் பிளக்கைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் திறங்கள். கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

வூஃபருக்கு நியாயம் கேட்டுப் போனேன். "கரண்ட் ஏத்த இறக்கத்துக்கு நாங்க பொறுப்பில்லண்ணே" என்று முடித்துவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம். ஆனால் என் கையில் இருப்பது '2800' என்று பேனாவால் கிறுக்கிய துண்டுச்சீட்டு. கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மாற்றிய பார்ட் நம்பரோடு பில் வாங்காமல் காசை எடுக்காதீர்கள்.