எத்தனை மில்லி என்று கேட்டேன்

நான் வேலை செய்யும் இடத்தில் எல்லாருக்கும் ஒரு உடல்நல ஆலோசனை எண் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். முதலில் நர்ஸ் பேசுவார், தேவைப்பட்டால் டாக்டருக்கு இணைப்பார். கேள்வியை எழுதியும் அனுப்பலாம். 8 மாதத்தில் 11 முறை பயன்படுத்திவிட்டேன். இதுபோன்ற ஒரு சேவை உங்களுக்கும் கிடைத்து, கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் என் அனுபவம் உதவலாம்.

முதல் அழைப்பு ராத்திரி 2 மணிக்கு. 4 வயசுப் பையனுக்கு உடம்பு கொதிக்கிறது. மருந்தோடு வந்த அளவு மூடியைக் காணோம். "பாராசிட்டமால் சிரப் எத்தனை மில்லி கொடுக்கணும்?" என்றுதான் கேட்டேன். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நர்ஸ் பதில் சொல்லவில்லை. "எடை எவ்வளவும்மா?" 14 கிலோ. "கடைசியா எப்ப கொடுத்தீங்க?" சாயங்காலம் 7 மணிக்கு. "பாட்டிலை எடுத்துட்டு வெளிச்சத்துக்கு வாங்க. 5 மில்லியில எத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன், வீட்டில் இரண்டு பாட்டில் இருந்தன. பழையதில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். கையில் இருந்த புதியதில் 250. எப்போதும் கொடுக்கிற 7.5 மில்லியை அப்படியே புதியதிலிருந்து ஊற்ற இருந்தேன். பழையதில் அது 180 மில்லிகிராம், புதியதில் 375. குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் கணக்கு என்று அவர் விளக்கினார். அதாவது என் பையனுக்கு அதிகபட்சம் 210. புதிய பாட்டிலிலிருந்து 3.5 மில்லி போதும், வீட்டு ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள் என்றார். 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கூடாது. அதை எழுதிக்கொள்ளச் சொல்லி, என்னையே திரும்பப் படிக்கவும் சொன்னார்.

அதோடு விடவில்லை. தண்ணீர் குடிக்கிறானா, சிறுநீர் போனானா, கழுத்தை வளைக்க முடிகிறதா, உடம்பில் தடிப்பு இருக்கிறதா, கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதில் எது மாறினால் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்ப வேண்டும் என்பதையும் சொன்னார். மொத்தம் 9 நிமிடம். வெறும் எண்ணைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த 9 நிமிடத்துக்காகவே இந்தச் சேவையை யாரிடமும் மனதாரச் சொல்வேன்.

அப்புறம் அம்மாவின் பி.பி. வீட்டுக் கருவியில் 162/94 என்று வந்ததும் பதறிப்போய்க் கூப்பிட்டேன். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், பேச்சுக் குழறல் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, அம்மா எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார்கள். கட்டிலின் ஓரத்தில், கால் தரையில் படாமல், என்னோடு பேசிக்கொண்டு. பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே சுற்றியிருந்தேன். முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காரவைத்து, இரு பாதமும் தரையில் படும்படி வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் நீட்டி, 5 நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு எடுக்கச் சொன்னார்கள். 138/84. சரி, மாத்திரையைக் கூட்டவா என்றேன். வேண்டாம், ஒரு வாரம் காலையும் மாலையும் இப்படியே எடுத்து எழுதி, அவரை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். தொலைபேசியில் மாத்திரையை மாற்றாததில் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது.

எழுத்தில் கேட்பது மட்டும் எனக்குச் சரிப்படவில்லை. என் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். 9 மணி நேரம் கழித்து வந்த பதில்: "அளவு சற்று மாறியுள்ளது. உங்கள் மருத்துவரை அணுகவும்." இதைச் சொல்ல ஒரு ஆள் தேவையா? அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை. மறுநாள் பேசிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலான பரிசோதனைகளில் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு வருகிற அளவைத்தான் இயல்பு என்று அச்சிடுகிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது வெளியே போக 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. உங்களுக்கு மயிரிழை வித்தியாசம், வேறு தொந்தரவும் இல்லை, 3 மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். இதையே முதல் நாள் நான்கு வரியில் எழுதியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

இன்னொரு குறை, ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவின் மாத்திரைப் பட்டியலை மட்டும் 5 முறை ஒப்பித்திருக்கிறேன். முந்தைய அழைப்பின் குறிப்பு அவர்கள் கண்முன் இருக்க வேண்டாமா? இதைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். ஒரு மருந்துப் பெயரை நான் மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டால் ஆபத்து அம்மாவுக்குத்தானே.

அதனால் நானே ஒரு தாள் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பையனின் எடை, எந்தப் பாட்டிலில் எவ்வளவு, அம்மாவின் மாத்திரைகள், ஒவ்வாமை. போன வாரம் அம்மாவுக்குச் சளி. நான் வீட்டில் இல்லை, அவரே எண்ணைப் போட்டிருக்கிறார். உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் போட்டாயிற்று, சளி மாத்திரையும் போடலாமா என்பது கேள்வி. நர்ஸ் வாய் திறக்கும் முன்பே, சளி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக் காட்டினாராம்: "இதுலயும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம்னு போட்டிருக்கே, ரெண்டும் சேர்ந்தா அதிகமாயிடாதாம்மா?"