ரஸ்டில் இருமுனை வரிசையைத் துவக்குதல்: சொந்த மேக்ரோவா, இருக்கும் வழிகளா?

மொரீசியசில் தைப்பூசக் காவடிக்காக ஒரு கோயிலின் வரிசையை நிரலாக எழுதுவதாகக் கொள்வோம். புதிதாக வருவோரின் பெயர்கள் பின்முனையில் சேரும். அழைக்கப்பட்டவர் இன்னும் ஆயத்தமாகாவிட்டால் அவர் பெயர் முன்முனைக்கே திரும்ப வேண்டும். இதற்கு ஏற்றது ரஸ்ட் நிரல்மொழியின் வெக்டெக் (VecDeque), அதாவது இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் இயலும் வரிசை. ஆனால் நீளக்கூடிய சாதாரணப் பட்டியலான வெக்டருக்கு ‘வெக்’ (vec!) என்ற மேக்ரோ, அதாவது தொகுக்கும்போது முழு நிரலாக விரியும் சுருக்க வடிவம், இருப்பதைப் போல, வெக்டெக்கிற்குச் செந்தர நூலகத்தில் மேக்ரோ எதுவும் இல்லை. முன்பதிவுப் பெயர்களோடு வரிசையைத் துவக்க விரும்புபவர், சொந்தமாக ஒன்றை எழுதிவிடலாமா என்று எண்ணுவது இயல்பே.

பெயர்கள் நிரலிலேயே இருந்தால், 2021 அக்டோபரில் வெளிவந்த 1.56 பதிப்பு முதல், அவற்றை ஓர் அணியாக (நீளம் மாறாத பட்டியல்) சதுர அடைப்புக்குள் எழுதி வெக்டெக்கின் ‘ஃப்ரம்’ (from) செயற்கூறுக்குக் கொடுத்தாலே போதும். படிப்பவருக்கு உடனே விளங்கும் இவ்வழியையே பெரும்பாலான இடங்களுக்கு நான் பரிந்துரைப்பேன்.

ஒரே மதிப்பைப் பல முறை நிரப்பும்போதுதான் இது தடுமாறுகிறது. அணியின் நீளம் தொகுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். மேலும், 64 பிட் எண்கள் 10 லட்சம் கொண்ட அணி, செயற்கூறுகளின் தற்காலிக நினைவகமான ஸ்டேக்கில் 80 லட்சம் பைட்டுகளைக் கேட்கக்கூடும், ரஸ்ட் தொடங்கும் புதிய த்ரெட்டுக்கோ (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) இயல்பாகக் கிடைப்பது 2 மெகாபைட் மட்டுமே. ‘வெக்’ மேக்ரோவில் மதிப்பையும் எண்ணிக்கையையும் அரைப்புள்ளியால் பிரித்து எழுதி, வகைமாற்றும் ‘இன்டு’ (into) மூலம் வெக்டெக்காக மாற்றினால் இவ்விரு தடைகளும் நீங்கும். வெக்டரை உருவாக்கிப் பின் மாற்றுவது இரட்டைச் செலவு என்ற அச்சம் தேவையற்றது: வெக்டரின் நினைவகத்தையே வெக்டெக் ஏற்றுக்கொள்கிறது, புதிதாக எதையும் ஒதுக்குவதில்லை, உறுப்புகள் எத்தனை இருந்தாலும் மாற்றத்துக்கு ஆகும் நேரம் கூடாது என்று அதன் ஆவணமே உறுதியளிக்கிறது. எந்த வகையாக மாற வேண்டும் என்பதை மட்டும் நிரலில் தெளிவாகக் குறிக்க வேண்டும்.

சொந்த மேக்ரோவிலோ வெற்று வரிசை, பட்டியல், திரும்பவரும் மதிப்பு ஆகிய மூன்றையும் கையாளும் விதிகள் வேண்டும்; பட்டியலின் கடைசிக் காற்புள்ளிக்கும் இடம் வைக்க வேண்டும். வெக்டெக்கின் முழுப் பாதையை மேக்ரோவுக்குள் எழுதாவிட்டால், அப்பெயரை இறக்குமதி செய்யாத கோப்பிலிருந்து அழைக்கும்போது தொகுப்பு நின்றுவிடும். இவ்வளவு செய்தும் உள்ளே நடப்பது மேலே சொன்ன இரண்டில் ஒன்றாகவே இருக்கும். மொரீசியசின் தகவல் தொழில்நுட்ப மையமான எபேனின் அலுவலகங்களில் நம் இளைஞர்கள் பலர் சேர்ந்து ஒரே நிரலைப் பேணுகையில், செந்தர நூலகத்தில் இல்லாத ஒரு பெயரைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் தேடிப் படிக்கும்படி செய்வதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. சோதனைக் கோப்பொன்றில் சிறு வரிசைகள் டசன் கணக்கில் வருமானால், அந்தக் கோப்புக்குள் மட்டும் அடங்கும் மேக்ரோவை ஏற்கலாம்.